காட்மியம் குறைந்த நெல்லினத்தைத் தெரிவுசெய்வது எப்படி: சாடியிலிருந்து கலப்பு வரை முழுமையான வழிகாட்டி

கொழும்பில் ஆய்வு செய்யும் இளங்கலை, முதுகலை மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். தானியத்தில் சேரும் காட்மியம் என்ற நச்சு உலோகத்தை இனவிருத்தியால் குறைக்க முடியும் என்பதைக் கோதுமை ஏற்கெனவே காட்டிவிட்டது. கனடாவில் 2004இல் பதிவான ஸ்ட்ரோங்ஃபீல்ட் என்ற துரம் கோதுமை, பழைய இனங்களில் இருந்த காட்மியத்தில் ஏறத்தாழ பாதியைத்தான் மணியில் சேர்க்கிறது. நம் நாட்டுக்குக் கோதுமை கப்பலில் வருகிறது. நம் கையில் இருக்கும் பயிர் நெல். அதனால் வழிமுறை நெல்லுக்கானது. கோதுமையிலிருந்து கற்க வேண்டிய இடங்களில் அதையும் சொல்கிறேன்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கலப்புச் செய்வதில்தான் ஆர்வமாக வருவார்கள். ஆனால் பிழைகள் நடப்பது அதற்கு முன்னால்: மண்ணில், தண்ணீரில், அளவீட்டில். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. விதைக்க முன் இலக்கு எண்ணை எழுதி வையுங்கள்

"குறைந்த காட்மியம்" என்று மட்டும் எழுதினால் எந்த இனத்தையும் தெரிவுசெய்யவும் முடியாது, கழிக்கவும் முடியாது. ஒரு எண் வேண்டும்.

சர்வதேச உணவு நியமமான கோடெக்ஸ், தீட்டிய அரிசிக்கு கிலோகிராமுக்கு 0.4 மில்லிகிராமையும் கோதுமைக்கு 0.2 மில்லிகிராமையும் உச்ச அளவாக வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் அரிசிக்கு 0.15 ஆக இறுக்கியது. பலர் 0.4ஐ அப்படியே எடுத்து இலக்காக எழுதிவிடுகிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

உணவு மற்றும் விவசாய அமைப்பும் உலகச் சுகாதார அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2010இல் சொன்ன தாங்கக்கூடிய அளவு, மாதத்துக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 25 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது நாளொன்றுக்கு 50 மைக்ரோகிராம். அவர் ஒரு நாளில் 300 கிராம் அரிசி உண்கிறார் என்று வையுங்கள். அரிசியில் 0.4 இருந்தால், சோற்றிலிருந்து மட்டும் 120 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. 0.1 இருந்தாலே 30. மரக்கறி, மீன், கிழங்கு எல்லாம் இனிமேல்தான். மூன்று வேளையும் சோறு உண்ணும் ஊருக்கு இனம் தேடுகிறவர், பாண் உண்ணும் ஊரின் எல்லையைவிடக் கீழேதான் இலக்கு வைக்க வேண்டும். என் மாணவர்களுக்கு நான் சொல்லும் எண் 0.1. அதுவும் காட்மியம் ஏறக்கூடிய மண்ணில் வளர்த்தபோது.

2. ஆய்வுகூடம் முதலில், நாற்றுமேடை பிறகு

நெல் நான்கு மாதத்தில் விளைந்துவிடும். அளக்கும் வழி சரியில்லை என்று அப்போது தெரிந்து பயனில்லை. விதைநெல்லை நனைக்க முன்பே, கடையில் வாங்கிய அரிசியை வைத்து முழு அளவீட்டையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

ஏன் என்றால் எண்கள் மிகச் சிறியவை. 0.1 அளவு காட்மியம் உள்ள அரிசியில் அரை கிராம் எடுத்து, கரைத்து, 25 மில்லிலீற்றராக்கினால், கரைசலில் லீற்றருக்கு 2 மைக்ரோகிராம்தான் இருக்கும். நல்ல இனத்தில் 0.02 என்றால் 0.4 மைக்ரோகிராம். சுவாலை அணு உறிஞ்சல் கருவி இந்த இடத்தில் கைவிட்டுவிடும். அது காட்டும் "பூச்சியம்" பூச்சியமே இல்லை, கருவிக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இன்னும் நுண்ணிய அளவை அளக்கும் கிராஃபைட் உலைக் கருவி, அல்லது அணுக்களைத் திணிவால் பிரித்து எண்ணும் ஐசிபி-எம்எஸ் கருவி வேண்டும். உங்கள் துறையில் இரண்டும் இல்லாவிட்டால், கட்டணத்துக்கு அளந்து தரும் இடத்தில் மாதிரி ஒன்றுக்கு எவ்வளவு என்று கேட்டு, அதன் பிறகு எத்தனை சாடி வைப்பது என்று முடிவெடுங்கள். தலைகீழாகச் செய்தவர்கள் பொடித்த அரிசியைப் பையில் கட்டி வைத்துக்கொண்டு பணத்துக்கு அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

அளவு உறுதிசெய்யப்பட்ட ஒப்பீட்டு மாவையும் இப்போதே கட்டளையிடுங்கள். அமெரிக்க நியமங்கள் நிறுவகத்தின் 1568பி என்ற அரிசி மா பொருத்தமானது. அதில் காட்மியம் 0.0224. வந்து சேர வாரக்கணக்கில் ஆகும்.

3. மண்: எங்கிருந்து, எவ்வளவு, எப்படி

காட்மியம் மிகக் குறைந்த மண்ணில் எல்லா இனமும் ஒன்றுபோலத்தான் தெரியும். வேறுபாடு தெரிய வேண்டுமானால் மண்ணிலிருந்து பயிருக்குள் காட்மியம் ஏற வேண்டும். அதை முடிவுசெய்வதில் மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் பெரிய பங்கு வகிக்கிறது. பிஎச் இறங்க இறங்க காட்மியம் மண் துணிக்கைகளிலிருந்து விடுபட்டு வேருக்குக் கிடைக்கும். பாதுக்கை, ஹோமாகமை, களுத்துறைப் பக்க ஈரவலய வயல்களில் பிஎச் 5.5க்குக் கீழே இருப்பது வழமை. கொழும்பில் இருப்பவருக்கு இது வசதி.

மேல் 15 சென்டிமீற்றர் மண்ணை எடுங்கள். நிழலில் உலர்த்தி, பிளாஸ்டிக் சல்லடையில் சலித்து, ஒரே குவியலாக்கி நன்றாகக் கலந்த பிறகுதான் சாடிகளுக்குப் பிரிக்க வேண்டும். ஒரு சாக்கு மண் ஒரு இனத்துக்கு, அடுத்த சாக்கு அடுத்த இனத்துக்கு என்று போட்டால், நீங்கள் ஒப்பிடுவது இனங்களையல்ல, சாக்குகளை.

இயற்கை மண்ணில் காட்மியம் போதாவிட்டால் சேர்க்கலாம். கிலோவுக்கு 1 மில்லிகிராம் போதும். 10 கிலோ மண் கொண்ட சாடி 60 என்றால், தேவை 600 மில்லிகிராம் காட்மியம். இரண்டரை நீர் மூலக்கூறு கொண்ட காட்மியம் குளோரைட்டில் காட்மியத்தின் பங்கு 49 வீதம், ஆகவே 1.22 கிராம் நிறுத்து, 3 லீற்றர் நீரில் கரைத்து, சாடிக்கு 50 மில்லிலீற்றர். உப்பின் எடையையே காட்மியத்தின் எடையாக எடுத்து, அரைவாசி மட்டும் சேர்த்துவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. இது புற்றுநோய் விளைவிக்கும் பொருள். கையுறை, முகக்கவசம், காற்று உறிஞ்சும் பெட்டி இல்லாமல் தொடாதீர்கள்.

சேர்த்த உடனே நடாதீர்கள். புதிதாகச் சேர்த்த உப்பு மண்ணோடு ஒட்டாமல் மிதமிஞ்சிக் கிடைக்கும். நனைத்து, காயவிட்டு, மறுபடி நனைத்து, ஆறு வாரம் விடுங்கள்.

பசளையையும் கவனியுங்கள். பொசுபேற்றுப் பாறையில் இயல்பாகவே காட்மியம் உண்டு, அது முச்சுப்பர் பொசுபேற்றில் தங்கிவிடும். மியூரியேற்றுப் பொட்டாசில் உள்ள குளோரைட்டு காட்மியத்தைக் கரைசலில் பிடித்துவைத்து நகரச் செய்யும். எல்லாச் சாடிக்கும் ஒரே மூட்டையிலிருந்து, நிறுத்து இடுங்கள். அந்தப் பசளையிலும் ஒரு மாதிரியை எடுத்து அளந்து வையுங்கள்.

4. இனங்களை வயதுப்படி பிரியுங்கள்

விதைநெல்லுக்குப் பத்தலேகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தையும், பாரம்பரிய இனங்களுக்குக் கன்னொறுவையில் உள்ள தாவர மரபு வள நிலையத்தையும் நாடுங்கள். பச்சைப்பெருமாள், சுவந்தல், முருங்கைக்காயன் போன்றவற்றை, பத்தலேகொடையில் உருவான பிஜி இனங்களோடு சேர்த்து வைப்பது நல்லது. ஆனால் பாரம்பரிய இனம் என்றாலே சுத்தம் என்று முன்கூட்டி நம்ப வேண்டாம். அளந்தால்தான் தெரியும்.

பிஜி இனங்களின் எண்ணிலேயே வயது இருக்கிறது: 250 இரண்டரை மாதம், 300 மூன்று மாதம், 352 மூன்றரை மாதம், 403 நான்கு மாதம். ஒரே நாளில் விதைத்தால் ஒன்று கதிர் ஈனும்போது மற்றது குடலைப் பருவத்துக்கே வந்திராது. அடுத்த படியில் தண்ணீரை வடிக்கப் போகிறோம்; அப்போது ஒவ்வொரு இனமும் வெவ்வேறு பருவத்தில் மாட்டிக்கொள்ளும். வரும் வேறுபாடு வயதால் வந்ததா மரபால் வந்ததா என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. மூன்றரை மாத இனத்தை மூன்று மாத இனத்துக்கு இரண்டு வாரம் முந்தி விதையுங்கள், எல்லாம் ஒரே வாரத்தில் கதிர் ஈனட்டும். அல்லது ஒரே வயதுக் குழுவோடு நில்லுங்கள். முதல் முறை என்றால் இரண்டாவது வழிதான் நல்லது.

5. சாடியும் வலைக்கூடமும்

20 லீற்றர் பிளாஸ்டிக் வாளி போதும். அடியிலிருந்து இரண்டு சென்டிமீற்றர் மேலே ஒரு துளையிட்டு, இறப்பர் அடைப்பான் வையுங்கள். வடிக்கும் நாளில் திறக்க வேண்டும், மற்ற நாட்களில் ஒரு சொட்டும் போகக்கூடாது. இனத்துக்கு நான்கு சாடி, இடத்தைச் சீட்டுக்குலுக்கி ஒழுங்கு செய்யுங்கள். சுற்றிவர, அளவீட்டில் சேராத ஒரு வரிசை காவல் சாடி.

எங்கள் முதல் பரிசோதனையில் கூரை ஓரமாக இருந்த ஒன்பது சாடிகளின் எண்கள் மற்றவற்றோடு ஒட்டவே இல்லை. விதையைச் சந்தேகித்தோம், கருவியைச் சந்தேகித்தோம். ஒரு மழை நாளில் அங்கே நின்றபோதுதான் பார்த்தேன்: பழைய தகரக் கூரையின் வளைவுகளிலிருந்து நீர் நேரே அந்த ஒன்பது வாளிகளுக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. தகரத்தின் மேல்பூச்சு துத்தநாகம். அது வேரில் காட்மியத்தோடு போட்டியிடும். பழைய பூச்சுகளில் சிறிதளவு காட்மியமும் இருக்கும். அன்று முதல் வலைக்கூடத்தில் தகரமும் நாகம் பூசிய கம்பிவலையும் இல்லை. பொலித்தீன் கூரை, மரச்சட்டம்.

6. தண்ணீர்: எல்லாம் இங்கேதான் நிற்கிறது

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக கவனம் கொடுங்கள்.

வயலில் நீர் நிற்கும்போது மண்ணில் ஒட்சிசன் தீர்ந்து, சல்பேற்று சல்பைட்டாக மாறுகிறது. காட்மியம் அதோடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடும். நீரை வடித்தால் காற்று புகும், சல்பைட்டு ஒட்சியேறும், காட்மியம் விடுபடும். ஆர்செனிக் இதற்கு நேரெதிர். அது இரும்பு ஒட்சைட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். நீர் நின்றால் இரும்பு கரைந்து ஆர்செனிக்கை விட்டுவிடும். ஒன்றை அடக்கினால் மற்றது எழும்பும். நீர் முகாமை மட்டும் போதாமல் இனவிருத்தி தேவைப்படுவதற்கு இதுவே காரணம்.

கதிர் ஈனுவதற்கு முந்திய மூன்று வாரமும் பிந்திய மூன்று வாரமும்தான் மணிக் காட்மியத்தைத் தீர்மானிக்கும் காலம். அதனால் இப்படிச் செய்யுங்கள்:

நாற்று நட்டதிலிருந்து மட்டம் வெடித்து முடியும்வரை 3 சென்டிமீற்றர் நீர் நிற்கட்டும். கதிர் ஈன மூன்று வாரம் இருக்கும்போது அடைப்பானைத் திறந்து வடியுங்கள். சாடிக்குள் துளையிட்ட பீவிசி குழாய் ஒன்றைப் புதைத்து, உள்ளே நீர்மட்டத்தைப் பாருங்கள். மண் மேற்பரப்புக்குக் கீழே 10 சென்டிமீற்றர் இறங்கியதும், மண் நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். அறுவடை வரை இதே முறை.

அதே இனங்களில் இன்னொரு தொகுதியை இறுதிவரை நீர் நிற்கும்படி வையுங்கள். அது ஆர்செனிக்குக்காக. செலவு இரட்டிப்பாகும், உண்மைதான். ஆனால் காட்மியத்தை மட்டும் பார்த்துத் தெரிவான இனம் ஆர்செனிக்கில் மோசமாக இருந்தால் அதை விவசாயியிடம் எப்படிக் கொடுப்பது?

நீர்ப் பதிவேட்டை ஒரு நாளும் விடாதீர்கள். மட்டக்களப்புத் தங்கச்சி ஒருவர் என்னோடு வேலை செய்தார், மிகவும் பொறுப்பானவர். தீபாவளிக்கு ஊருக்குப் போய் எட்டு நாளில் திரும்பினார். இரண்டு மாதம் கழித்து எண்கள் வந்தபோது ஓடிவந்தார்.

"அக்கா, பாருங்கோ, எல்லா இனமும் 0.05க்குக் கீழ! அவ்வளவும் நல்ல இனம்."

"பதிவேட்டை எடுத்து வாரும்" என்றேன்.

அந்த எட்டு நாள் வெறுமையாக இருந்தது. ஐப்பசி மழை. பொலித்தீன் ஒரு பக்கம் கிழிந்து, சாடிகள் நிறைந்து, கதிர் ஈனும் வாரம் முழுக்க நீருக்குள் நின்றிருக்கின்றன. காட்மியம் மேலே ஏறவே இல்லை. அவர் அழுதுவிட்டார். அடுத்த போகத்தில் மறுபடி செய்தோம். வேறுபாடு தெளிவாக வந்தது. கொழும்பில் இரண்டாம் இடைப்பருவ மழைக்குள் கதிர் ஈனும்படி விதைத்தால், கூரை முழுதாக இருக்க வேண்டும், பக்கத்தில் ஒரு ஆளும் இருக்க வேண்டும்.

7. அறுவடையிலிருந்து பொடி வரை

கதிரை மட்டும் பிளாஸ்டிக் பிடியுள்ள கத்தரிக்கோலால் வெட்டி, கடதாசி உறையில் இடுங்கள். வைக்கோலோடு சேர்த்து அடித்தால் இலையில் ஒட்டிய மண்தூசும் சேரும். சாடி ஒவ்வொன்றின் மணி எடையையும் இப்போதே குறியுங்கள்; 9ஆம் படிக்குத் தேவை.

உமியைக் கையால் அல்லது மர உரலில் நீக்குங்கள். தீட்டவேண்டாம். காட்மியம் அரிசிக்குள் ஓரளவு பரவலாகவே இருப்பதால் தீட்டினாலும் அதிகம் குறையாது. ஆனால் தீட்டும் அளவு மாதிரிக்கு மாதிரி மாறி இன்னொரு குழப்பத்தைக் கொண்டுவரும்.

65 பாகையில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி, அகேற்றுக் கல்வத்தில் பொடியுங்கள். வீட்டு மிக்ஸியின் உருக்கு அலகு நிக்கலையும் குரோமியத்தையும் விட்டுச்செல்லும்.

8. கரைத்தலும் அளத்தலும்

குழாய், போத்தல், மூடி எல்லாம் 10 வீத நைத்திரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறி, அயன் நீக்கிய நீரில் மூன்று முறை கழுவப்பட வேண்டும்.

0.5 கிராம் பொடிக்கு 8 மில்லிலீற்றர் செறிந்த நைத்திரிக் அமிலம், 2 மில்லிலீற்றர் ஐதரசன் பேரொட்சைட்டு. நுரைத்து அடங்கும்வரை மூடாமல் விடுங்கள். அவசரப்பட்டு மூடினால் நுண்ணலை அடுப்பில் அமுக்கம் கூடி, மாதிரி வெளியே பாயும். 180 பாகையில் கரைத்து, ஆறியபின் 25 மில்லிலீற்றராக்குங்கள்.

ஒவ்வொரு தொகுதியிலும் பொடி சேர்க்காத வெறுங்கரைசல் இரண்டு, ஒப்பீட்டு மா ஒன்று, இரட்டை மாதிரி ஒன்று கட்டாயம். ஒப்பீட்டு மா 90 முதல் 110 வீதத்துக்குள் வராவிட்டால் அந்தத் தொகுதி முழுவதையும் மறுபடி கரையுங்கள். ஒரு எண்ணால் பெருக்கித் "திருத்துவது" வேண்டாம்.

ஐசிபி-எம்எஸ் என்றால் 111, 114 என்ற இரண்டு திணிவிலும் பாருங்கள். அரிசியில் மொலிப்டினம் உண்டு. அது ஒட்சிசனோடு சேர்ந்தால் 111இலும் 114இலும் வந்து காட்மியம் போல நிற்கும். 114இல் வெள்ளீயமும் தலையிடும். இரண்டு எண்ணும் ஒத்துவராவிட்டால் காரணம் தேடுங்கள். சரி, ஒத்துவந்தாலும் மொலிப்டினம் மட்டும் கலந்த கரைசல் ஒன்றைத் தனியே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

9. எண்களைப் படிக்கும்போது

செறிவை மட்டும் பார்க்காதீர்கள். மணி நிறைய விளைந்தால் அதே காட்மியம் பங்கிடப்பட்டுச் செறிவு குறையும். பதர் கூடினால் எஞ்சிய மணியில் ஏறும். செறிவை மணி எடையால் பெருக்கி, சாடிக்கு மொத்தம் எவ்வளவு என்றும் எழுதுங்கள்.

துத்தநாகம், இரும்பு, மங்கனீசு மூன்றையும் அதே கரைசலில் அளக்கலாம். துத்தநாகமும் சேர்ந்து குறைந்த இனத்தை நான் கழித்துவிடுவேன். சோற்றை நம்பி வாழும் குழந்தைக்கு அது தேவை.

ஒரு போகத்து வரிசையை நம்ப வேண்டாம். பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் முதல் மூன்று இடத்துக்குள் வரும் இனமே பெற்றோராகத் தகுதியானது.

10. இப்போது கலப்பு

எந்த மரபணுவைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்து வழி மாறும்.

துரம் கோதுமையில் 5பி நிறமூர்த்தத்தில் உள்ள எச்எம்ஏ3 என்ற மரபணு, காட்மியத்தை வேர்க் கலங்களின் புன்வெற்றிடத்துக்குள் பூட்டிவைக்கிறது. காட்மியம் கூடிய இனங்களில் அந்த மரபணுவின் டிஎன்ஏவில் 17 எழுத்துகள் இரட்டித்து, அந்தப் பூட்டு வேலை செய்யாமல் போயிருக்கிறது. நெல்லிலும் எச்எம்ஏ3 இதே வேலையைத்தான் செய்கிறது. இயங்கும் வடிவம் ஆட்சியுடையது. அதனால் இரண்டாம் தலைமுறையில் காட்மியம் குறைவாகத் தெரியும் செடியில் இயங்காத வடிவமும் ஒளிந்திருக்கலாம். மூன்றாம் தலைமுறையில் பிரிந்து வரும். "தெரிவுசெய்த இனம் கெட்டுவிட்டது" என்று பலர் பதறுவது இங்கேதான். அது கெடவில்லை, தூய்மையாகவே இருந்திருக்கவில்லை.

நிராம்ப்5 என்ற மரபணு வேறு. அது மங்கனீசையும் காட்மியத்தையும் வேருக்குள் ஏற்றும் வாயில். ஜப்பானில் கொஷிஹிகாரி இனத்தைக் காபன் அயன் கற்றையால் பிறழச்செய்து, இந்த வாயில் அடைபட்ட செடிகளைப் பெற்று 2012இல் வெளியிட்டார்கள். மணியில் காட்மியம் அனேகமாக இல்லாமலே போயிற்று. இது பின்னிடைவானது, நாலில் ஒரு செடியில்தான் தெரியும். பெற்றோர் இனத்துக்கு மீளக் கலக்கும் ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணு அடையாளி இல்லாமல் அதைக் காண முடியாது. மங்கனீசும் குறைவதால், மங்கனீசு போதாத மண்ணில் வளர்ச்சி குன்றலாம், கபிலப் புள்ளி நோயும் கூடலாம். நம் மண்ணில் பார்க்காமல் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது பொக்காலி. உப்பைத் தாங்குவதற்காக நம் நாட்டு இனவிருத்தியிலும் பயன்பட்ட இந்த நெல்லில் நிராம்ப்5 இரட்டித்திருக்கிறது. அதனால் மங்கனீசு கூடுதலாக ஏறி, வேரிலிருந்து தண்டுக்குப் போகும் வழியில் காட்மியத்துக்கு இடம்விடாமல் செய்கிறது என்று 2022இல் காட்டப்பட்டது. மங்கனீசு இழப்பும் இல்லை.

கை வேலை: பாதிக்குமேல் வெளிவந்த கதிரைத் தெரியுங்கள். மேலே பூத்துவிட்ட பூக்களையும் அடியில் பிஞ்சானவற்றையும் நீக்குங்கள். மாலை மூன்று மணிக்குப் பிறகு, எஞ்சியவற்றின் உச்சியில் மூன்றில் ஒரு பங்கைச் சரிவாக வெட்டி, நுண்சாவணத்தால் ஆறு மகரந்தப்பைகளையும் எடுங்கள். கோதுமையில் மூன்று, நெல்லில் ஆறு. ஒன்று தப்பினாலும் அந்த மணி தற்கலப்பு. எண்ணிக்கொண்டே எடுங்கள். எண்ணெய்க் கடதாசி உறையால் மூடுங்கள். மறுநாள் பத்து மணியளவில் தந்தைச் செடியில் மகரந்தப்பைகள் வெளியே தொங்கும்போது மேலே உதறுங்கள். ஐந்து நாளில் வெட்டிய உமிக்குள் பச்சையாக ஒரு முளை போலச் சூலகம் பருத்திருந்தால் பிடித்துவிட்டது. உமி திறந்திருப்பதால் பூஞ்சணம் எளிதில் பற்றும்; 25 முதல் 30 நாளில் எடுத்து உடனே உலர்த்துங்கள்.

11. வயலுக்குக் கொண்டுபோகும்போது

சாடியில் வேர் அடைபட்டிருக்கும், வயலில் ஆழமாகப் போகும். ஆகவே ஐந்தாறு தலைமுறை கடந்து நிலைத்த வரிசைகளை ஈரவலயத்தில் ஓர் இடம், உலர்வலயத்தில் ஓர் இடம் என்று இரண்டு போகம் நடுங்கள். விளைச்சல், சமைத்த சோற்றின் பதம், புழுங்கலாக்கினால் உடைவு எல்லாம் பாருங்கள். காட்மியம் குறைந்தும் யாரும் உண்ண விரும்பாத அரிசி வயலில் நிற்காது.

காட்மியம் சேர்த்த சாடி மண்ணைத் தோட்டத்தில் கொட்டாதீர்கள். மூடியுள்ள பீப்பாயில் பெயர், அளவு, திகதி எழுதி, அடுத்த போகத்துக்கே மறுபடி பாவியுங்கள். வடித்த நீரும் ஒரு கானுக்குள் போகட்டும், வாய்க்காலுக்கு வேண்டாம். அந்த வைக்கோலை யார் கேட்டாலும் மாட்டுக்குக் கொடுக்க வேண்டாம். அறுவடை நாளில் பக்கத்து வீட்டார் கட்டாயம் வந்து கேட்பார்கள், ஆகவே அதற்கு முன்பே கட்டிப் பூட்டி வையுங்கள்.